விஷ வாயுவைக் காட்டிக்கொடுக்கும் காகிதம்

சாண எரிவாயுக் கலனில் அடி வண்டலை எடுக்க இறங்கியவர் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்கிவிட மகன் இறங்குகிறான். மகனும் எழுந்திருக்கவில்லை. கூச்சல் கேட்டு ஓடிவரும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மூன்றாவதாக இறங்குகிறார். இப்படிப்பட்ட செய்தியைப் படிக்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. இடம் மட்டும் மாறும். ஒரு தடவை உரக்குழி, ஒரு தடவை செப்டிக் டேங்க், இன்னொரு தடவை பல நாள் மூடிக்கிடந்த பாழுங்கிணறு. சாவு ஒன்றோடு நிற்பதில்லை என்பது மட்டும் மாறுவதில்லை.

இந்தச் சாவுகளில் பெரும் பங்கு ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவுக்கு உண்டு. அழுகிய முட்டை நாற்றம் என்று நாம் சொல்வது இதைத்தான். சாணம், கோழி எரு, பன்றிக் கழிவு, ஆலைக் கழிவு, ஊறவைத்த தேங்காய் மட்டை என்று எந்தப் பொருளும் காற்றுப் புகாமல் அழுகும்போது, அதிலுள்ள கந்தகத்தை ஒருவகை நுண்ணுயிர்கள் இந்த வாயுவாக மாற்றிவிடுகின்றன. இதை அளக்க விலை உயர்ந்த கருவிகள் உண்டு. ஆனால் வாயு இருக்கிறதா என்று அறிந்துகொள்ள மட்டும் நமது விவசாயிகள் தாங்களே செய்துகொள்ளக்கூடிய எளிய முறைகளும் உண்டு. அவற்றைப் பற்றியும், அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பதைப் பற்றியும் இங்கே பார்ப்போம்.

மூக்கை நம்பலாமா?

"நாற்றம் வந்தால் தெரியாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. தெரியும், ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். இந்த வாயுவின் அளவைப் பி.பி.எம். என்று சொல்வார்கள். பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு என்பதே அதன் பொருள். ஒரு பி.பி.எம்.மில் நூறில் ஒரு பங்கு இருந்தால்கூட நல்ல மூக்குள்ளவர் நாற்றத்தைக் கண்டுபிடித்துவிடுவார். அவ்வளவு நுட்பமான மூக்கு, 100 பி.பி.எம். அளவில் சில நிமிடங்களிலேயே செத்துப்போகிறது. நாற்றம் போய்விட்டது, வாயு கலைந்துவிட்டது என்று ஆள் நினைத்துக்கொள்கிறார். உண்மையில் போனது மூக்குதான். இந்த 100 பி.பி.எம். அளவையே உடனடியாக உயிருக்கு ஆபத்தான அளவு என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் வகுத்திருக்கிறது. 500-க்கு மேல் போனால் சில நிமிடங்களில் தள்ளாடி விழ நேரிடும். 700 முதல் 1000 வரை போனால் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பிவிடும். ஏணியில் ஏறி வெளியே வர அவகாசமே இராது.

இது காற்றைவிடச் சற்றுக் கனமானது. ஆகவே குழியின் அடியிலும் கிணற்றின் அடியிலும் தங்க முனையும். விழுந்த ஆள் கிடப்பதும் அங்கேதான், அவரைத் தூக்கக் குனிகிறவரின் முகம் போவதும் அங்கேதான்.

விளக்கு காட்டாத விஷம்

கிணற்றில் இறங்குமுன் அரிக்கன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது நமது பெரியவர்கள் காட்டிய வழி. விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக்கூடாது என்பது நல்ல விதிதான். ஆனால் விளக்கு அணையவில்லை என்றால் இறங்கலாம் என்று அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டதில்தான் ஆபத்து இருக்கிறது. விளக்கு பிராணவாயுக் குறைவை மட்டுமே காட்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாண எரிவாயுவில் சுமார் 60 சதம் மீத்தேன், ஏறக்குறைய 40 சதம் கரியமில வாயு, அதோடு 0.2 சதம் ஹைட்ரஜன் சல்பைடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். 0.2 சதம் என்பது கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் அது 2000 பி.பி.எம். கலனைத் திறந்து வைத்ததில் பெரும்பகுதி வாயு போய்விட்டு, இருபதில் ஒரு பங்கு மட்டும் உள்ளே மிஞ்சியிருக்கிறது என்று கொள்ளுங்கள். அப்போது உள்ளே மீத்தேன் 3 சதம். அது தீப்பிடிக்க 5 சதம் வேண்டும். ஆகவே தீப்பிடிக்காது. கரியமில வாயு 2 சதம். பிராணவாயு சாதாரணக் காற்றில் உள்ள 21 சதத்திலிருந்து 20 சதத்துக்குத்தான் இறங்கியிருக்கும். விளக்கு நன்றாக எரியும். ஆனால் ஹைட்ரஜன் சல்பைடு? சரியாக 100 பி.பி.எம். விளக்கு எரிகிறது என்று இறங்குகிறவர் எதில் இறங்குகிறார் என்று பாருங்கள்.

மீத்தேன் 5 சதத்துக்கு மேல் மிஞ்சியிருந்தால் அதே விளக்கு வெடிக்குத் திரி வைத்ததாகிவிடும். ஆகவே சாண எரிவாயுக் கலனிலும் செப்டிக் டேங்கிலும் விளக்கு, தீப்பந்தம், பீடி எதுவும் கிட்டவே போகக்கூடாது.

மயில் துத்தக் காகிதம்

முதலில் கையில் இருப்பதிலிருந்து தொடங்குவோம். போர்டோ கலவைக்காக வாங்கிய மயில் துத்தம் பல தோட்டங்களில் மிச்சம் இருக்கும். அதுவே போதும். துத்தத்தில் உள்ள செம்பும் இந்த வாயுவில் உள்ள கந்தகமும் சேர்ந்தால் செம்பு சல்பைடு என்ற கறுப்புப் பொருள் உண்டாகிறது. இளநீலக் காகிதம் பழுப்பாகிப் பிறகு கறுக்கும்.

10 கிராம் மயில் துத்தத்தை 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில், அதாவது பாட்டரிக்கு ஊற்றும் நீரில், கண்ணாடித் தம்ளரிலோ பிளாஸ்டிக் டப்பாவிலோ கரைக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. துத்தத்திலுள்ள செம்பு இரும்பின்மேல் படிந்துவிடும். சுண்ணாம்பு கலந்த போர்டோ கலவையையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. வெறும் துத்தக் கரைசல்தான் வேண்டும். நாலைந்து சொட்டு கிளிசரின் சேர்த்தால் காகிதம் சீக்கிரம் காய்ந்து மொறமொறப்பாகாமல் சிறிது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். காபி வடிகட்டும் வெள்ளைத் தாளையோ, ஆய்வுக்கூட வடிதாளையோ இதில் நனைத்து நிழலில் உலர்த்தி, ஒரு விரல் அகலம், ஒரு சாண் நீளத்தில் துண்டுகளாக நறுக்கி, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் போட்டு வைக்கலாம். மாட்டுக் கொட்டகையிலும் கலன் பக்கத்திலும் உலர்த்தினால் செய்யும்போதே கறுத்துவிடும்.

இந்தக் காகிதம் அதிக அளவு வாயுவுக்கு நன்றாகப் பதில் சொல்லும். குறைந்த அளவுக்கு மந்தம்தான். அதற்கு வேறொன்று இருக்கிறது.

காரீயக் காகிதம்

பள்ளிக்கூட வேதியியல் வகுப்பில் இந்த வாயுவைக் கண்டுபிடிக்க லெட் அசிடேட் காகிதத்தைக் காட்டியிருப்பார்கள். இது காரீயத்தின் உப்பு. வாயு பட்டவுடன் வெள்ளைக் காகிதம் மஞ்சள் பழுப்பாகி, பின் அடர் பழுப்பாகி, அளவு அதிகமானால் வெள்ளி மினுமினுப்போடு கறுத்துவிடும். ஆய்வுக்கூடச் சாமான்கள் விற்கும் கடைகளில் சிறு புத்தகம் போல, தீப்பெட்டி அளவில், தயார் நிலையிலேயே கிடைக்கிறது. என் யோசனை, அதையே வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான். காரீயம் கொடிய விஷம். அதிலும் லெட் அசிடேட் நாக்கில் இனிக்கும். அந்த இனிப்புக்காகப் பழங்காலத்தில் இதற்குக் காரீயச் சர்க்கரை என்றே பெயர் வைத்திருந்தார்கள். குழந்தை நக்கினாலும், கன்று நக்கினாலும் விட்டுவைக்காது. காசு மிச்சம் என்று இதை அடுப்படியில் கரைப்பது புத்திசாலித்தனம் அல்ல.

வாங்கக் கிடைக்காத இடத்தில், பள்ளி அல்லது கல்லூரி வேதியியல் ஆசிரியரின் துணையோடு ஆய்வுக்கூடத்தில் செய்துகொள்ளலாம். அளவு துத்தத்துக்குச் சொன்னதுதான்: 10 கிராமுக்குக் காய்ச்சி வடித்த நீர் 100 மில்லி. குழாய் நீரோ கிணற்று நீரோ சேர்த்தால் பால்போலத் திரிந்துவிடும். இலேசான கலங்கல் இருந்தால் சில சொட்டு வினிகர் விட்டால் தெளியும். கையுறை போட்டுக்கொண்டே நனைக்க வேண்டும், நறுக்க வேண்டும். பழுப்புநிறப் புட்டியில் இறுக மூடி, "விஷம்" என்று எழுதி ஒட்டி, பூட்டி வைக்க வேண்டும்.

எந்தக் காகிதமானாலும் உபயோகிக்கும் சமயம் ஒரு சொட்டு வடித்த நீரால் ஈரப்படுத்திக்கொள்ள வேண்டும். காய்ந்த காகிதம் சோம்பேறி. பழைய காகிதம் இன்னும் வேலை செய்கிறதா என்ற சந்தேகம் வந்தால், எரிவாயு அடுப்பைத் திறந்த வெளியில் வைத்து, பற்றவைக்காமல் குழாயை ஒரு விநாடி திறந்து மூடிக் காகிதத்தைக் காட்டிப் பாருங்கள். அருகில் நெருப்பு இருக்கக்கூடாது. எரிவாயு இல்லாதவர்கள், ஒரு முட்டையை அரைமணி நேரம் நன்றாக வேகவைத்து, சூட்டோடு நறுக்கிப் புட்டியில் போட்டு, காரீயக் காகிதத்தை மூடியில் தொங்கவிட்டு மூடினால் கொஞ்ச நேரத்தில் பழுப்பேறுவதைக் காணலாம். அந்த முட்டையைப் பிறகு யாரும் தின்னக்கூடாது.

குழியில் தொங்கவிடுவது எப்படி?

நீண்ட மூங்கில் கழியில் மூன்று இடங்களில் துணிக்கவ்வியால் மூன்று காகிதங்களைப் பிடிக்கவைக்க வேண்டும். ஒன்று குழியின் வாய் மட்டத்தில், ஒன்று நடுவில், ஒன்று கழிவு மட்டத்துக்கு ஓர் அடி மேலே நிற்கவேண்டும். நான்காவது காகிதத்தை ஈரப்படுத்தி, தொலைவில் நல்ல காற்றில், மரநிழலில் தொங்கவிட வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நின்றுகொண்டு கழியை இறக்குங்கள். குழியின் வாயில் குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள். பத்து நிமிடம் கழித்து எடுத்து, உடனே நிறத்தைப் பார்த்துவிட வேண்டும். வெயிலில் வைத்தால் இலேசான கறை வெளுத்துவிடக்கூடும்.

இத்தோடு முடிந்துவிட்டது என்று எண்ணக்கூடாது. முக்கியமான இரண்டாவது சோதனை இருக்கிறது. கழிவுக் குழம்பு அசையாமல் கிடக்கும்போது வாயு அதற்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். ஏட்டைத் தட்டிக் கிளறினால் சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்தது போலப் பொங்கிவரும். காலையில் சுத்தமாக இருந்த காகிதம், ஆள் இறங்கிக் கிளறத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் கறுத்துவிடும். பல சாவுகள் நேர்வது இந்த நேரத்தில்தான். ஆகவே வெளியிலிருந்தே நீண்ட கோலால் குழம்பை நன்றாகக் கிளறிவிட்டு, தள்ளி நின்று, புதுக் காகிதங்களோடு மறுபடி சோதிக்க வேண்டும். கோழிப் பண்ணைக் கழிவு சேர்ந்த குழிகளிலும், ஜிப்சம் கலந்த குப்பை விழும் குழிகளிலும் கந்தகம் கூடுதல் என்பதால் இன்னும் எச்சரிக்கை வேண்டும்.

நிறம் இலேசாக மாறினாலும் ஆள் இறங்கக்கூடாது. சரி, நிறம் மாறவே இல்லை என்றால்? அப்போதும் இறங்கலாம் என்று காகிதம் சொல்லவில்லை. கரியமில வாயு, மீத்தேன், பிராணவாயுக் குறைவு இவை எதையும் இந்தக் காகிதம் காட்டாது. கிணற்றுக்குள் ஆயில் என்ஜினை இறக்கி ஓட்டினால் வரும் கார்பன் மோனாக்சைடையும் காட்டாது. "வேண்டாம்" என்று சொல்ல மட்டுமே இதற்கு அதிகாரம் உண்டு. "போ" என்று சொல்ல இல்லை. எத்தனை பி.பி.எம். என்றும் இது சொல்லாது. குறைந்த வாயுவில் அரைமணி நேரம் தொங்கிய காகிதமும், அதிக வாயுவில் அரை நிமிடம் தொங்கிய காகிதமும் ஒரே நிறத்தில் இருக்கலாம்.

கூடியமட்டும் ஆளை இறக்காமலே வேலையை முடிக்க வேண்டும். வண்டலைத் தண்ணீர் விட்டுக் கரைத்து பம்பு வைத்து இறைக்கலாம். செப்டிக் டேங்குக்கு உறிஞ்சும் லாரி வரும். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை அதில் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். கூலிக்கு வந்தவர் இறங்கத் தயாராக இருக்கிறார் என்பது சமாதானம் ஆகாது. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், எவ்வளவு நெருங்கிய உறவானாலும் அடுத்தவர் இறங்கக்கூடாது. 101 அல்லது 112-க்குப் போன் செய்து தீயணைப்புப் படையை அழைத்துவிட்டு, மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரின் காற்றை மட்டும், மருந்து கலக்காமல், மேலிருந்து பாய்ச்சலாம். அதன் என்ஜின் புகை உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எரிவாயுக் கலனிலும் செப்டிக் டேங்கிலும் என்ஜினின் பொறியே தீ மூட்டிவிடும் என்பதால் அங்கே இது கூடாது.

அடுப்படியில் ஒரு செம்புத் தகடு

சாவைத் தவிர இந்த வாயு செய்யும் சில்லறைத் தொல்லைகளும் உண்டு. சாண எரிவாயு வைத்திருக்கும் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். பித்தளை பர்னர் அரித்துப்போகும். வெள்ளிக் கொலுசு காரணமில்லாமல் கறுக்கும். எங்கள் வீட்டில் கொலுசை விற்றவரைக் குறைசொல்லிக்கொண்டிருந்தோம். பாவம், அவர்மேல் குற்றமில்லை. குழாய் இணைப்பில் கசிவு இருந்தது.

இதைத் தொடர்ந்து கவனிக்க ஒரு செம்புத் தகடு போதும். உள்ளங்கை அளவுத் தகட்டைப் புளி போட்டுப் பளபளவென்று துலக்கி, கழுவித் துடைத்து, கைபடாமல் நூலில் கட்டி அடுப்படியில் அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளித் தொங்கவிடுங்கள். அதேபோல் இன்னொன்றைக் கூடத்தில் தொங்கவிடுங்கள். ஒரு மாதம் கழித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூடத்துத் தகடு மங்கியிருக்கும். அடுப்படித் தகடு கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறியிருந்தால் குழாய் இணைப்புகளைச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. இது கைவைத்தியம் என்று நினைக்க வேண்டாம். பெரிய தொழிற்சாலைகளின் கட்டுப்பாட்டு அறைகளில் மின்னணுக் கருவிகள் அரிக்கின்றனவா என்று அறிய, இதே மாதிரி செம்புத் துண்டை 30 நாள் தொங்கவிட்டு அளக்கிறார்கள்.

வடிகட்டியைச் சோதிப்பதிலும் காகிதம் நல்ல துணை. துருப்பிடித்த இரும்புச் சீவலையோ, துருவேற்றிய இரும்பு நாரையோ பி.வி.சி. குழாயில் அடைத்து அதன் வழியே எரிவாயுவை விட்டால், துரு இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். எவர்சில்வர் நார் துருப்பிடிக்காது, ஆகவே உதவாது. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு சிறு குழாய்த் திருகை வைத்துக்கொள்ளுங்கள். திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில், திருகைச் சிறிதே திறந்து, இரண்டு விரல் தூரத்தில் காரீயக் காகிதத்தைப் பிடித்து எத்தனை விநாடியில் பழுப்பாகிறது என்று எண்ண வேண்டும். ஒரே புட்டிக் காகிதம், ஒரே தூரம், ஒரே அளவு திறப்பு என்பது முக்கியம். முன்னால் 5 விநாடியில் கறுத்து, பின்னால் 2 நிமிடமாகியும் வெள்ளையாக இருந்தால் வடிகட்டி நன்றாக இருக்கிறது. பின்னாலும் 10 விநாடியில் கறுக்கத் தொடங்கினால் துரு நிரம்பிவிட்டது. தேதியையும் விநாடியையும் ஒரு நோட்டில் குறித்துவந்தால், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்பது உங்கள் கலனுக்கென்றே தெரிந்துவிடும். எடுத்த இரும்பைக் காற்றில் பரப்பினால் மறுபடி பயன்படும். ஆனால் பரப்பும்போது அது சூடேறும், பற்றிக்கொள்ளவும் கூடும். ஆகவே தண்ணீர் தெளித்து, வைக்கோற்போருக்கு வெகு தூரத்தில் பரப்ப வேண்டும்.

மின்னணுக் கருவிகள்

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் எம்.கியூ. 136 என்ற சென்சாரை வாங்கி, சிறு சர்க்யூட்டில் இணைத்துத் தாங்களே கருவி செய்துவிடுகிறார்கள். மலிவுதான். ஆனால் அதற்குள் ஒரு சூடேற்றும் கம்பி இருக்கிறது. முதல் உபயோகத்துக்கு முன் நெடுநேரம் சூடேற்றி வைக்கவேண்டும். ஈரப்பதம் மாறினாலும் வேறு வாயுக்கள் வந்தாலும் எண் மாறும். கொட்டகையில் இன்று கூடுதலா, நேற்றைவிடக் குறைவா என்று பார்க்கப் பயன்படலாம். உயிரை அதன்மேல் பணயம் வைக்க முடியாது. மீத்தேன் உள்ள குழிக்குள் அதை இறக்கவும் கூடாது.

சட்டையில் செருகிக்கொள்ளும் எச்சரிக்கைக் கருவிகள் வேறு வகை. மின்வேதியியல் சென்சார் கொண்ட இவை பெரும்பாலும் 10 பி.பி.எம்.மிலேயே அலறத் தொடங்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். விலை சில ஆயிரம் ரூபாய்க்கு மேல். சென்சாருக்கு ஆயுள் உண்டு, காலாவதியானால் பேசாமல் இருந்துவிடும். சோதனை வாயுவைக் காட்டி அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். ஒரு விவசாயி தனியாக வாங்குவது கஷ்டம். பால் கூட்டுறவுச் சங்கமோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ ஒன்றை வாங்கிப் பராமரித்து, தேவைப்படுவோருக்கு இரவல் கொடுத்தால் ஊர் முழுவதற்கும் உதவும். பிராணவாயு, மீத்தேன், கார்பன் மோனாக்சைடு ஆகியவற்றையும் சேர்த்துக் காட்டும் நான்கு வாயுக் கருவியாக இருந்தால் இன்னும் நல்லது.

நெல் வயலில் இதே வாயு

நீர் வடியாத வயலில் நெற்பயிர் மஞ்சளாகி நின்றால், ஒரு குத்தைப் பிடுங்கி வேரை முகர்ந்து பாருங்கள். வேர் கறுத்து முட்டை நாற்றம் அடித்தால் அங்கேயும் இதே வாயுதான். திறந்தவெளி என்பதால் ஆளுக்கு ஆபத்தில்லை, பயிருக்குத்தான் ஆபத்து. இரும்புச்சத்து குறைந்த மணற்பாங்கான நிலங்களிலும், தழையுரம் அதிகம் மடக்கிய நிலங்களிலும் இது வரும். தண்ணீரை வடித்து வயலைக் காயவிட்டால் புது வெள்ளை வேர் விடும்.

கறுத்த வேரைக் கழுவி ஒரு புட்டியில் போட்டு, இரண்டு சொட்டு வினிகர் விட்டு, காரீயக் காகிதத்தை மூடியில் தொங்கவிட்டு மூடினால் அரைமணியில் சந்தேகம் தீர்ந்துவிடும். உபயோகித்த காரீயக் காகிதங்களை எருக்குழியிலோ வாய்க்காலிலோ எறியாமல், எரிக்காமல், தனிப் புட்டியில் சேர்த்துவைத்து, காகிதம் செய்ய உதவிய பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.